கிணறு வெட்டாத எம்.பி. (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

மொழிபெயர்ப்பு பற்றிய உங்கள் கட்டுரையில் தமிழர் விடுதலைக் கூட்டணி எம்.பி.யாக இருந்த நீலன் திருச்செல்வத்தைப் போகிறபோக்கில் "நாங்கள் பெற்ற நல்ல சட்டவாக்கர்களில் ஒருவர்" என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை எடுத்தால் சாப்பாடு ஆறிவிடும். "பாராளுமன்றத்தில் இருந்து ஒரு கிணறு வெட்டினாரா, ஒரு றோட்டுப் போட்டாரா? கொழும்பில் இருந்துகொண்டு இங்கிலிஷில் பேசின மனிசன்" என்பார் அப்பா. சித்தப்பா சொல்லும் சொல்லை இங்கே எழுதவில்லை. அவர் எழுதிய தீர்வுத் திட்டத்தையும் கடைசியில் பாராளுமன்றத்துக்குள்ளேயே எரித்தார்கள் என்று வாசித்தேன். அப்படியானால் அவர் செய்ததுதான் என்ன? கட்சி நியமிக்கும் தேசியப் பட்டியலில் வந்த ஒருவரை மக்கள் பிரதிநிதி என்று சொல்லலாமா?

இன்னொன்று. நான் சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருடம். அரசியலமைப்புச் சட்டத்தில் மேலே படிக்க ஆசை. கம்பனிச் சட்டம் படி என்று வீட்டில் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். உங்கள் அபிப்பிராயம் வேண்டும். என் பெயரைப் போட வேண்டாம்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

உம்முடைய கடிதம் வந்த அன்று காலையில் நான் ஒரு பழைய தகரப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன். மின்சாரக் கட்டண ரசீது தேடப்போய், 1997ஆம் ஆண்டுக் கடதாசி ஒன்றின் பிரதி கையில் வந்தது. சிங்களத்தில் அரைப்பக்கம், அடியில் என் கையெழுத்து. ரசீதை மறந்து அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன். அப்புறம்தான் உம்முடைய கடிதத்தைத் திறந்தேன். இல்லாவிட்டால் இதற்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன். நீலன் பற்றிக் கேட்டு வரும் கடிதங்களில் பாதி, பதிலை எதிர்பார்த்து எழுதப்படுவதில்லை.

முதலில் சித்தப்பாவின் சொல். அதை நீர் எழுதாமல் விட்டது நல்லது. நானும் எழுதப்போவதில்லை. 1975இல் சுட்டுக் கொல்லப்பட்ட யாழ்ப்பாண மேயர் துரையப்பாவில் தொடங்கி அந்தச் சொல்லை எத்தனை பேரின் முதுகில் ஒட்டினோம் என்று எண்ணினால் இந்தப் பதில் முடியாது.

தேசியப் பட்டியல் பற்றிய கேள்வி சில்லறை. 225 பேரில் 29 பேர் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். தோற்றவர்களும் காசுள்ளவர்களும் அதே கதவால் நுழைந்ததைப் பார்த்த சனத்துக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் 1994இல் அப்படி வருவதற்கு முதலே, 1983இல் அவர் வட்டுக்கோட்டைக்கு உறுப்பினராகச் சில மாதம் இருந்தவர். ஆறாம் திருத்தம் வந்து பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய் என்றபோது, கூட்டணியின் மற்றவர்களைப்போல அவரும் செய்யாமல் கதிரையை இழந்தார். (அந்த வட்டுக்கோட்டையும் கட்சி நியமனந்தான், தேர்தல் இல்லை. இதை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.)

இங்கிலிஷில் பேசினார் என்ற குற்றச்சாட்டில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். பாராளுமன்றப் பேச்சுப் பதிவான ஹன்சாட்டில் யார் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அச்சாகும். நீலனின் பேச்சுகளைத் தேடிப்போகும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இங்கிலிஷ் எழுத்துத்தான் கிடைக்கும். அது எங்களுக்கு நட்டம். அப்படிப் பார்த்தால் பழைய தலைவர்கள் செல்வநாயகமும் பொன்னம்பலமும் கொழும்பு நீதிமன்றங்களில் எந்த மொழியில் வாதாடினார்கள் என்று அப்பாவிடம் கேட்டுப் பாரும்.

இனிக் கிணறு. தம்பி, இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. அப்பா கேட்டால் பரவாயில்லை, அவர் சட்டம் படிக்கவில்லை. நீர் படிக்கிறீர். அவர் சொன்னதை எனக்கு அப்படியே பிரதி எடுத்து அனுப்ப உமக்குக் கை கூசவில்லையா? ஊர் றோட்டுப் போடுவது பிரதேச சபையின் வேலை. பெரிய வீதி என்றால் அதற்கு ஓர் அதிகார சபை இருக்கிறது. 1974இல் பன்முகப்படுத்தப்பட்ட நிதி என்று ஒன்றை எம்.பி.மார் கையில் கொடுக்கத் தொடங்கினார்கள். அன்றைக்குப் பிடித்தது இந்த நோய். எம்.பி. என்றால் கொந்தராத்துக்காரர், பாலத்துக்குப் பக்கத்தில் கல்லில் பெயர் வெட்டுகிறவர், பிள்ளைக்கு வேலைக் கடிதம் எழுதித் தருகிறவர். சட்டம் ஆக்குவதற்கென்று நாங்கள் அனுப்பிய ஆள் என்ன சட்டம் ஆக்கினார், எந்தச் சட்டத்துக்குக் கை தூக்கினார், எந்தச் சொல்லை மாற்றக் கேட்டார் என்று ஒருவரும் விசாரிப்பதில்லை.

சட்டவாக்கர் வேலை செய்வது சொல்லில். கல்லும் மண்ணும் அவருடைய சாமான் இல்லை. ஒரு சொல் எப்படி வந்து குந்துகிறது என்று பாரும். சுதந்திரத்தோடு வந்த சோல்பரி அரசியல் யாப்பில் ஒற்றையாட்சி (அதிகாரம் எல்லாம் கொழும்பின் கையில்) என்ற சொல்லே கிடையாது. 1972இல்தான் அது யாப்புக்குள் வந்தது. அதற்கு முந்திய வருடம், மார்ச் மாதம், அரசியல் நிர்ணய சபையில் சமஷ்டி, அதாவது கூட்டாட்சி, வேண்டும் என்று உடுவில் எம்.பி. தர்மலிங்கம் திருத்தம் கொண்டுவந்தார். தோற்கடித்தார்கள். அந்த யாப்பை ஆக்கிய அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு என்று பேசிய அதே கொல்வின். மேடையில் சொன்னதை நாங்கள் இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறோம். அவருடைய கையால் எழுதப்பட்டதற்குக் கீழே 1978 வரை வாழ்ந்தோம்.

பிறகு 13ஆம் திருத்தம், 1987. 18ஆம் உறுப்புரையை எடுத்துப் பாரும். அரசகரும மொழி சிங்களம் என்ற வரி அப்படியே நிற்கிறது. அதற்குக் கீழே புது வரி, "தமிழும்" என்று தொடங்குகிறது. அந்த "உம்"மைப் பற்றி எனக்கு ஒரு முழு நாள் பேச முடியும். பந்தியில் எல்லோருக்கும் பரிமாறி முடிந்தபிறகு வாசலில் நிற்பவரைக் கண்டு "நீங்களும் இருங்களேன்" என்று சொல்வோமே, அந்த உம்மை. சாப்பாடு கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் இலை எங்கே போடப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

1995 ஆகஸ்ட் 3ஆம் திகதி ஜனாதிபதி சந்திரிகாவின் தீர்வு யோசனைகள் வெளிவந்தபோது நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் இரவு வேலை. பக்ஸில் இங்கிலிஷ் பிரதி சுருள் சுருளாக வந்துகொண்டிருந்தது. எழுத்து மங்கிவிடும் முன்னே மொழிபெயர்க்க வேண்டும். ஒற்றையாட்சி என்ற சொல் இல்லை. நாடு "பிராந்தியங்களின் ஒன்றியம்" என்று இருந்தது. ஒன்றியமா, ஐக்கியமா, கூட்டா என்று மூன்று பேர் ஒரு மணி நேரம் சண்டை. அதிகாரப் பகிர்வு என்று எழுதுவதா, அதிகாரப் பரவலாக்கம் என்று எழுதுவதா என்று அதற்குமேல் இன்னொரு சண்டை. பரவலாக்கம் என்றால் கொழும்பு தன் கந்தோரின் கிளை ஒன்றை உன் ஊரில் திறக்கும், சாவி அவனிடம் இருக்கும். பகிர்வு என்றால் சாவியில் ஒன்று உன்னிடம் வரும். செய்தி ஆசிரியர் தேத்தண்ணியை வைத்துவிட்டு, "இதை எழுதினவனுக்கு ஒவ்வொரு சொல்லும் எங்க இடிக்கும் எண்டு தெரிஞ்சிருக்கு" என்றார். அந்த எழுத்தில் அமைச்சர் ஜீ.எல். பீரிஸோடு நீலனின் கையும் இருந்தது என்று பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. நான் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றிரவு மூன்று மணி வரைக்கும் அவருடைய சொற்களோடு மல்லுக்கட்டினேன், அவ்வளவுதான் பழக்கம்.

இனி அந்தத் தகரப் பெட்டிக் கடதாசி.

அந்த நாட்களில் கொழும்பில் அறை எடுத்துத் தங்கும் தமிழர் பொலிஸில் பதிய வேண்டும். 1997இல் நானும் போனேன். எந்தப் பொலிஸ் நிலையம் என்பது வேண்டாம். இருந்த உத்தியோகத்தர் கெட்டவர் இல்லை, கதிரை தந்தார். ஊர் எது என்று கேட்டார். வல்வெட்டி என்றேன். எழுதினார். கடதாசியைத் திருப்பி, கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினார். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. போட்டேன்.

வல்வெட்டி வேறு, வல்வெட்டித்துறை வேறு என்று உமக்குத் தெரியும், பக்கத்துப் பக்கத்து ஊர்கள். அவருக்கு வல்வெட்டி என்றால் ஒன்றுதான் கேள்விப்பட்டிருக்கிறார், பிரபாகரனின் ஊர். "துறை"யைத் தானே சேர்த்துக்கொண்டார். இரண்டு கிழமை கழித்து ஒரு சோதனைச் சாவடியில் அடையாள அட்டையையும் அந்தப் பதிவையும் ஒப்பிட்டார்கள். ஒன்றில் ஓர் ஊர், மற்றதில் இன்னோர் ஊர். பொய் சொல்லிப் பதிந்திருக்கிறாய் என்றார்கள். நான் சொன்னது வல்வெட்டி ஐயா என்றேன். கையெழுத்து யாருடையது என்றார்கள். என்னுடையதுதான். இரண்டு இரவு உள்ளே இருந்தேன். மூன்றாம் நாள் ஒரு சட்டத்தரணி வந்து எடுத்தார், இந்தப் பிரதியும் அவர் எடுத்துத் தந்ததுதான். பலருக்கு நடந்ததோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை, அது எனக்குத் தெரியும்.

இந்தக் கதையை ஏன் இழுக்கிறேன் என்றால், எங்கள் சட்டங்களின் கடைசிப் பிரிவை நீர் வாசித்திருப்பீர். தண்ணீர்ச் சட்டமோ தரவுச் சட்டமோ, எதுவானாலும் வாலில் அந்த ஒரு வரி இருக்கும். சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே ஒவ்வாமை வந்தால் சிங்கள உரையே மேலோங்கி நிற்கும். நான் வாயால் சொன்ன தமிழுக்கும் அவர் கையால் எழுதிய சிங்களத்துக்கும் ஒவ்வாமை வந்தது. சிங்கள உரை மேலோங்கி நின்றது. அந்த இரண்டு இரவும் எனக்கு விளங்கியது அந்தப் பிரிவுதான்.

இந்த வாலைப் பற்றி எங்கள் எம்.பி.மாரில் எத்தனை பேர் எழும்பிப் பேசியிருக்கிறார்கள்? தமிழ் மொழிபெயர்ப்பைச் சிங்களத்தோடு வைத்து வரிக்கு வரி பார்த்து, இந்த இடம் பிழை என்று சபையில் சொன்னவர் எத்தனை பேர்? பஸ்ஸில் "கர்ப்பிணித் தாய்மார்" என்பது "கர்ப்பிணி நாய்மார்" ஆனபோது எல்லோரும் படம் எடுத்துப் பகிர்ந்து சிரித்தோம். சட்டத்துக்குள் ஒரு தாய் நாயானால் சிரிக்கவும் ஆளில்லை. ஏனென்றால் வாசிக்க ஆளில்லை. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கென்று தனிச் சட்டமே வந்தது. அதற்கு ஆறு வருடம் கழித்துத்தான் நான் அந்தச் சிங்களக் கடதாசியில் ஒப்பம் வைத்தேன். சட்டத்தில் சொல் இருந்தால் போதாது என்று நீர் சொல்வீர். சரி. ஆனால் அந்தச் சட்டத்தரணி என்னை எடுக்க வந்தபோது அவர் கையில் இருந்தது அந்த "தமிழும்" மட்டும்தான். எனக்குப் பிடிக்காத அந்த உம்மை.

2017இல், புது யாப்பு எழுதக் கூடிய அரசியலமைப்புப் பேரவையின் இடைக்கால அறிக்கை வந்தது நினைவிருக்கும். இங்கிலிஷ் பிரதியில் ஒற்றையாட்சிக்கான பழைய சொல்லைக் கைவிட்டார்கள். சிங்களத்தில் "ஏக்கீய ராஜ்ய", தமிழில் "ஒருமித்த நாடு". தமிழ்ச் சொல்லுக்குள் சமஷ்டி ஒளிந்திருக்கிறது என்று தெற்கில் சத்தம், சிங்களச் சொல்லுக்குள் ஒற்றையாட்சி ஒளிந்திருக்கிறது என்று வடக்கில் சத்தம். இரண்டு பேரும் சொன்னது சரி! அதன் வழிநடத்தல் குழுவில் இருந்த தமிழ் எம்.பி. சுமந்திரன் அந்தச் சொல்லுக்கு விளக்கம் சொல்லியே களைத்திருப்பார். "ஒருமித்த" நல்ல தமிழ், மனம் சேர்ந்து வருவது. ஆனால் இரண்டு மொழியில் இரண்டு கருத்து வைத்தால், ஒவ்வாமை வரும் நாளில் எது மேலோங்கும்? வாலைத் திரும்ப வாசியும்.

நீலனும் தப்பவில்லை. 1995இல் இருந்த பிராந்தியங்களின் ஒன்றியம் 2000 ஆகஸ்டில் வந்த சட்டமூலத்தில் இல்லை. மத்தியினதும் பிராந்தியங்களினதும் நிறுவனங்களைக் கொண்ட ஓர் அரசு என்று சுற்றி வளைத்தார்கள். ஒற்றையாட்சியும் இல்லை, சமஷ்டியும் இல்லை. அதைத்தான் எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சிக்காரர் சபைக்குள் எரித்தார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை. 1999 ஜூலை 29, காலை ஒன்பது மணி தாண்டியிருக்கும். அம்மாவைக் கண் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருந்தேன். சத்தம் கேட்டது. "லொறி டயர் போல" என்றார் அம்மா, கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததால் இமையை மூடியபடி. கின்சி வீதியும் றொஸ்மீட் பிளேஸும் சந்திக்கும் இடத்தில், காரில் போய்க்கொண்டிருந்தவர்மேல் தற்கொலைக் குண்டுதாரி பாய்ந்தார். யாரும் உரிமை கோரவில்லை. யார் என்று யாரும் குழம்பவுமில்லை. அதற்கு முதல் மாதம்தான், போர்க்களத்து மரணத்தைப் போற்ற முடியாது, வாழ்வைத்தான் கொண்டாட வேண்டும் என்ற கருத்தில் சபையில் பேசியிருந்தார். இங்கிலிஷில்.

படிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர், அதை மறந்தே போனேன். கம்பனிச் சட்டம் படியும், சம்பளம் வரும். அரசியலமைப்பு உம்மை விட்டுப் போகாது, நீர் விட்டாலும் அது விடாது. ஆனால் இரண்டிலும் எதைப் படித்தாலும் சிங்களம் வாசிக்கப் பழகும். பேசத் தெரியும் என்று சொல்லித் தப்ப வேண்டாம், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான் வீட்டில்தான். வருவதென்றால் வாரும். 2000ஆம் ஆண்டுச் சட்டமூலத்தின் தமிழ்ப் பிரதி உங்கள் கல்லூரி நூலகத்தில் இருந்தால் போட்டோகொப்பி அடித்துக்கொண்டு வாரும். என்னுடையதை ஒருவர் இரவல் வாங்கிப் போனார், 18 வருடம் ஆகிறது.