அண்ணாச்சி பதில்கள்: கேம் அரக்கனுக்குப் பேர் வச்சது யாரு?

(தக்கலையில் பிரவுசிங் சென்டர் நடத்திய அண்ணாச்சி, வாசகர்களின் கேம் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஃபைனல் ஃபேண்டஸி 14 என்ற ஜப்பானிய கேமில் சிவா என்றால் பனிக்கட்டிப் பெண். லட்சுமியோ நாம் அடித்து வீழ்த்த வேண்டிய எதிரி. ஜப்பான்காரர்களுக்கு நம் கதைகள் தெரியாதா? – கல்லூரி மாணவர், குலசேகரம்

முதல்ல, ஆச்சி வரும்போது ஸ்கிரீனை அணைச்சிருங்க மக்கா. சிவா இன்னைக்கு நேத்து வந்தவ இல்லை. 1990-ல், அந்த வரிசையோட மூணாவது கேம்லயே வந்தாச்சு. பேரை எடுத்துக்கிட்டு ஆளை விட்டுட்டாங்க. கைலாயத்துப் பனியாவது மிஞ்சிச்சேன்னு நாமளா மனசைத் தேத்திக்க வேண்டியதுதான்.

லட்சுமி விஷயம் அப்படி இல்லை. அதே 14-வது கேமுக்கு 2017-ல வந்த விரிவாக்கத்துல அவளைக் கும்பிடுற கூட்டம் பூராவும் பாம்பு உடம்புக்காரிகள். அந்த இனத்துக்குப் பேரு அனந்தா. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் எது மேல படுத்திருக்காரு? அதே அனந்தன்தான். யாரோ ஒருத்தன் உக்காந்து படிச்சிருக்கான். உங்களுக்குப் பக்கத்து ஊருதானே, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க.

2015-ல வந்த ராவணனைத்தான் என்னால தாங்க முடியலை. பூச்சி இனத்துக்குத் தெய்வமாம், நாலு கையாம். பத்துத் தலையும் இல்லை, வீணையும் இல்லை. பொறவு எதுக்கு அந்தப் பேரு?

கேள்வி: ரக்னராக் ஆன்லைன் கேமில் எங்களை ஓட ஓட விரட்டிய ஆட்டுத்தலை பாஃபோமெட் யார்? – பழைய ஆட்டக்காரர், மார்த்தாண்டம்

நம்ம சென்டர்ல அது வந்தா மூணு பயலுவ ஒண்ணா அலறுவானுவ. கதை கோர்ட்டு கேஸ்ல ஆரம்பிக்குது. 1307-ல பிரான்ஸ் ராஜா நாலாம் பிலிப், டெம்ப்ளர்ங்கிற கிறிஸ்தவத் துறவிப் போர்வீரர்களைப் பிடிச்சு உள்ள போட்டான். அவங்ககிட்ட அவன் பட்ட கடன் கொஞ்சநஞ்சம் இல்லை. பாஃபோமெட்னு ஒரு தலையைக் கும்பிட்டாங்கன்னு குற்றச்சாட்டு. சித்திரவதை பண்ணி வாக்குமூலமும் வாங்கினாங்க. ஆட்டுத்தலையும் சிறகும் அப்புறம் வந்தது, 19-ம் நூற்றாண்டுல எலிஃபாஸ் லெவின்னு ஒரு பிரெஞ்சுக்காரர் வரைஞ்சது. 2002-ல கேமை வெளியிட்ட கொரியாக்காரங்க அதுக்கு ஒரு நீள அரிவாளையும் கொடுத்துட்டாங்க. கடன்காரனைக் கழிச்சுக்கட்டச் சொன்ன பழி இன்னைக்கு பாஸ், அதாவது கேமோட பெரிய எதிரி ஆகி நிக்குது பாத்துக்கிடுங்க.

கேள்வி: நம் மாவட்டத்துக் கதையை வைத்து கேம் செய்தால் பெரிய பாஸ் யார்? நீலியா? – வாசகி, ஆரல்வாய்மொழி

நீலியை விட்டிருங்கம்மா. முப்பந்தல்ல இசக்கியா இருந்து பொங்கல் வாங்குறவ. கொடையில வில்லுப்பாட்டு கேட்டிருப்பீங்க. நகைக்காக ஒருத்தன் அவளைக் கொன்னான், பார்த்த சாட்சி கள்ளிச்செடி மட்டும். மறுபிறவியில அதே கள்ளிக்கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, கொன்னவனைக் காட்டி “இவன்தான் என் புருசன்”னு ஊர்க்கூட்டத்துல வந்து நிக்கிறா. ஊரும் நம்பி அவனை அவகூட விட்டுட்டுது. அவ பக்கம் ஞாயம் இருக்கு. அவளை வாளால வெட்டுற கேமை நான் ஆட மாட்டேன்.

எனக்குப் பாணாசுரன்தான் பாஸ். கேமுக்குன்னே எழுதின கணக்கு. கன்னிப்பெண் கையால மட்டும்தான் சாவுன்னு வரம். குமரி அம்மனுக்கோ சுசீந்திரத்துச் சிவன் மாப்பிள்ளையா நிச்சயமாகி, நடுராத்திரி முகூர்த்தம். கல்யாணம் நடந்துட்டா அசுரனைக் கொல்ல ஆளே இல்லை. நாரதர் சேவலாகி முன்னாடியே கூவ, விடிஞ்சிட்டுதுன்னு மாப்பிள்ளை பாதி வழியில திரும்பிட்டாரு. கல்யாண அரிசி அப்படியே கடற்கரையில மணலாச்சு. அப்புறம் அசுரனே பொண்ணு கேட்டு வந்து அவ கையால செத்தான். சேவலா ஆடுறவனுக்குத்தான் இதுல கஷ்டமான லெவல். ஒரு நொடி பிந்தினா கேம் ஓவர்.

கேள்வி: மகன் தூக்கத்தில் “பஹமுத், பஹமுத்” என்று கத்துகிறான். பேய் ஏதும் பிடித்திருக்குமா? – ஓர் அம்மா, குளச்சல்

மீனும்மா. பழைய அரபு நூல்கள்ல பஹமுத் பெரிய மீன். அது மேல காளை, காளை மேல பாறை, பாறை மேல தேவதூதர், அவர் தோள்ல பூமி. 1970-கள்ல அமெரிக்காவுல டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு ஒரு கதை விளையாட்டைச் செஞ்சவங்க அதை டிராகன் ஆக்கிட்டாங்க, உங்க மகன் அதோடதான் மல்லுக்கட்டுறான். வெளுப்புக்கு எழுப்பி அப்பாகூட மீன் ஏலத்துக்கு அனுப்புங்க.