தாத்தா பாட்டி துணையில்லாமல் வெளிநாட்டில் சின்னக் குழந்தைகளை வளர்க்க முடியுமா?

முடியும். இந்தக் கேள்வியைப் பார்த்தாலே எனக்கு வயிற்றில் என்னவோ செய்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

கணவருக்கோ உங்களுக்கோ ஜெர்மனியில் வேலை கிடைத்து, புளூ கார்டு (அங்கே தங்கி வேலை பார்க்கும் அனுமதி) வாங்கும் வேலைகள் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்று இருக்கலாம். பிரசவத்துக்கு அம்மா வந்துவிடுவார் என்று ஒரு நம்பிக்கையும் இருக்கும். எங்களுக்கும் இருந்தது.

நாங்கள் பெர்லினில், ஸ்பாண்டாவ் பக்கம் இருக்கிறோம். வந்தபோது மகனுக்குப் பதினான்கு மாதம். மகள் பிறந்தது 2024 ஜனவரியில். அம்மாவுக்கு விசா விண்ணப்பம் போடத் தேதி கேட்டால், பிரசவத் தேதிக்கு மூன்று வாரம் கழித்து ஒரு நாள் கொடுத்தார்கள். கெஞ்சிப் பார்த்தோம், டாக்டர் கடிதம் அனுப்பினோம், நடக்கவில்லை. சரி, நகரத்தின் அந்தக் கோடியில், கோபெனிக்கில், ஒரு தஞ்சாவூர்க் குடும்பம் இருக்கிறது. வலி எடுத்ததும் போன் பண்ணுங்கள், பெரியவனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், இருந்தாலும் பெரிய தெம்பு.

பிரசவத்துக்கு நான்கு நாள் முன்னால் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இரண்டுக்கும் கை, கால், வாயெல்லாம் கொப்புளம். கிட்டாவில் பரவும் நோய் அது. கிட்டா என்றால் இங்கே பால்வாடியும் எல்கேஜியும் சேர்ந்தது. பிறக்கப்போகும் குழந்தை இருக்கிற வீடு, வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை.

இரவு ஒன்றரைக்கு வலி. வெளியே மைனஸில் குளிர். மூன்று வயதுப் பையனை நைட் டிரஸ்ஸின் மேலேயே ஜாக்கெட் போட்டுத் தூக்கிக்கொண்டு டாக்ஸியில் போனோம். மருத்துவமனையில் குழந்தையைப் பிரசவ அறைக்குள் விட மாட்டோம் என்றார்கள், தன்மையாகத்தான். "வேறு யாரும் இல்லையா?" என்று அந்தச் செவிலியர் கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு அப்படி ஒரு வெட்கம். ஊரில் ஒரு காதுகுத்துக்கு நானூறு பேர் வருகிற குடும்பம் எங்களுடையது.

மனைவி உள்ளே, மருத்துவச்சியோடு தனியாக. நான் நடைபாதையில், மடியில் பையன். இரண்டு பாக்கெட் பிஸ்கட் தின்றான். நான்கு மணி சுமாருக்கு "உச்சா" என்றான். கூட்டிக்கொண்டு போய், முடித்து, கை கழுவி, ஜாக்கெட் ஜிப்பை இழுத்துவிட்டு வெளியே வந்தால் செவிலியர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பெண் குழந்தை. என் மகள் பிறந்த நிமிஷத்தில் நான் கழிப்பறையில் இருந்தேன். இன்றுவரை வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும், அது பால் வாங்க மறந்த சண்டையாக இருந்தாலும், கடைசியில் "அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்றுதான் முடியும்.

"எங்க பாட்டி பத்துப் பிள்ளை பெத்தாங்க, வயலிலேயே பெத்தாங்க" என்று கருத்துப் போட வருகிறவர்களுக்கு ஒன்று. அந்தப் பாட்டிக்கு மற்ற ஒன்பதையும் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீடு இருந்தது. எங்களுக்கு அந்த இரண்டரை மணி நேரம் பையனைப் பிடித்துக்கொள்ள ஒரே ஒரு ஆள் கிடைத்திருந்தால் போதும். பணக் கஷ்டம் இல்லை, வேலைக் கஷ்டமும் இல்லை. ஒரு ஆள், அவ்வளவுதான்.

அதற்காக இந்த ஊரைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு மருத்துவச்சி வீட்டுக்கே வருவார். முதல் பத்து நாள் தினமும்கூட வரலாம், அப்புறம் பன்னிரண்டு வாரம் வரை தேவைக்கு ஏற்ப. செலவைக் காப்பீடே கொடுத்துவிடும். ஆனால் மருத்துவச்சி கிடைப்பது பெரும்பாடு. கர்ப்பம் உறுதியான வாரமே தேட ஆரம்பியுங்கள், நாங்கள் இருபத்தாறு பேருக்கு மெயில் போட்டோம்.

அம்மா கடைசியில் வந்து சேர்ந்தபோது மகளுக்கு ஏழு வாரம். சுற்றுலா விசா, 90 நாள்தான். அம்மாவுக்குத் தினமும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும், மருத்துவச்சிக்கு வாரம் ஒன்றிரண்டு குளியலே தாராளம். நோயில்லாத குழந்தைக்குத் தினமும் எதற்கு மாத்திரை என்று வைட்டமின் டி டப்பாவை அம்மா ஒளித்து வைத்தார். இங்கே வெயில் குறைவு, முதல் வருஷம் எல்லாக் குழந்தைக்கும் கொடுப்பார்கள் என்று நான்தான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். குழந்தை கையில் கட்டிய வசம்பை மருத்துவச்சி மோந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. 90 நாள் முடிந்து விமான நிலையத்தில் அம்மா அழுததை எழுத வேண்டாம், விடுங்கள்.

கிட்டா பற்றியும் கேட்பீர்கள். ஒரு வயது முடிந்த குழந்தைக்கு இடம் கேட்கும் உரிமை 2013 ஆகஸ்டிலிருந்து நாடு முழுக்கச் சட்டத்தில் இருக்கிறது. இடம் கிடைப்பது வேறு கதை. பெர்லினில் 2018லிருந்து கட்டணம் கிடையாது, நாங்கள் சேர்த்தபோது சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் 23 யூரோ. ஆனால் முதல் நாளே விட்டுவிட்டு வேலைக்கு ஓட முடியாது. பழக்கப்படுத்தும் காலம் என்று ஒன்று உண்டு. முதல் மூன்று நாள் பெற்றோரில் ஒருவர் அந்த அறையிலேயே, ஒரு மூலையில், சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். நான்காம் நாள்தான் சில நிமிஷம் வெளியே போய்ப் பார்ப்பார்கள். அழுகை நிற்காவிட்டால் திரும்ப மூலைக்கு.

மனைவிக்குக் காலையில் ஜெர்மன் வகுப்பு, அதனால் நான் போனேன். வருட விடுப்பில் பன்னிரண்டு நாள் அந்தக் குட்டி நாற்காலியில் போனது. வேலைக்குப் போகாமல் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறானே என்று ஒரு மாமா ஊரில் சொன்னாராம். சொல்லட்டும். அந்தப் பன்னிரண்டு நாளில்தான் என் பையன் தானாகச் சாப்பிடுவான் என்று எனக்கே தெரிந்தது. வீட்டில் ஒரு வாய்க்கு மூன்று காக்கா காட்டிக்கொண்டிருந்தோம்.

அவனுக்கு அப்போது தமிழ் மட்டும்தான். ஆசிரியை என்னிடம் ஒரு தாள் கொடுத்து, முக்கியமான சொற்களை எழுதித் தரச் சொன்னார். தண்ணி, உச்சா, தூக்கு, வலிக்குது, போதும். ஜெர்மன் எழுத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினார். கொஞ்ச நாளில் சாப்பாட்டு மேஜையில் மற்றப் பிள்ளைகளும் தட்டைத் தள்ளிவிட்டு "போதும்" என்றன. இங்கே வீட்டில் தமிழ் பேசாதீர்கள், பிள்ளை குழம்பும் என்று யாராவது நம்மவர் சொன்னால் நம்பாதீர்கள். அந்த ஆசிரியையே வீட்டில் உங்கள் மொழியில்தான் பேச வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

இதற்கும் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தானே. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டோம். இப்போது கிட்டாவில், வங்கியில், பல் டாக்டரிடம் எல்லாம் என் அப்பா பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். அவர் பாட்டுக்குத் தென்காசியில் திண்ணையில் உட்கார்ந்து தினத்தந்தி படித்துக்கொண்டிருக்கிறார், இங்கே அவர் பெயருக்குக் கரண்ட் பில் வருகிறது. பிள்ளைகளுக்கு அரசு மாதாமாதம் தலைக்கு இவ்வளவு என்று பணம் தருகிறது (2025இல் 255 யூரோ), அந்தக் கடிதமும் அவர் பெயருக்குத்தான். மனைவிக்கு அவள் அப்பா பெயர். தபால் பெட்டியில் பெயர் ஒட்டாவிட்டால் கடிதம் வராது என்பதால் இரண்டையும் ஒட்டினோம். எதிர்வீட்டம்மா ரொம்ப நாள் நாங்கள் கல்யாணம் ஆகாதவர்கள் என்று நினைத்திருந்தார். என் மகள் பெயருக்குப் பின்னால் சட்டப்படி அவள் தாத்தா பெயர், என் பெயர் எங்குமே இல்லை. கிளம்புவதற்கு முன்னால், பாஸ்போர்ட் புதுப்பிக்கிற வாய்ப்பு இருந்தால், வீட்டில் உட்கார்ந்து இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வந்து இறங்கிய முதல் மாதமே, இரவு இரண்டு மணிக்குப் போன் செய்யக்கூடிய இரண்டு பேரைப் பிடியுங்கள். இரண்டு, ஒன்று போதாது. அதில் ஒருவர் நடந்து வரும் தூரத்தில் இருக்க வேண்டும், தமிழர்தான் என்று பார்க்காதீர்கள். எங்கள் எதிர்வீட்டம்மாவை நான் கேட்டதே இல்லை. பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, "கதவைத் தட்டியிருக்கலாமே, நான் மூன்று மணி வரை டிவிதான் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

மற்றபடி பெட்டியில் இடம் இருந்தால் பழைய பருத்திச் சேலை இரண்டு வையுங்கள், நன்றாகத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. தூளி மாட்டக் கதவு நிலையில் பிடிக்கிற கிளாம்ப் இங்கே கடையிலேயே விற்கிறது. அந்தச் சேலைதான் கிடைக்காது.