டாக்டரம்மாவைக் கேளுங்கள்: பாயும் குட்டியும் பொறுக்கும் குட்டியும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குட்டி நாய்களைப் பற்றியவை. கடிக்கிறது, பிடுங்குகிறது, ஓடுகிறது, மேலே ஏறுகிறது என்று ஆளுக்கொரு புகார். எல்லாமே ஒரே சங்கதிதான்: வேண்டும் என்று தோன்றியதும் பாய்வது. அதனால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

எங்கள் புஜ்ஜி மூன்றரை மாத லாப்ரடார் குட்டி. சாப்பாட்டுத் தட்டை எடுத்தாலே மேலே பாய்ந்து தட்டித் தள்ளிவிடுகிறாள். பிஸ்கட் கொடுத்தால் விரலையும் சேர்த்துக் கவ்வுகிறாள். மூக்கில் ஒரு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும் என்கிறார் என் மாமியார். தட்டலாமா டாக்டரம்மா?
(வாசகி, மஞ்சக்குப்பம்)

தட்டக்கூடாது அம்மா. நான் சொன்னேன் என்று மாமியாரிடம் சொல்லுங்கள், கோபம் என்மேல் இருக்கட்டும். மூக்கில் அடி வாங்கிய குட்டி, முகத்துக்கு நேரே வரும் கை ஆபத்து என்பதைத்தான் கற்றுக்கொள்ளும். நாளைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை தடவிக்கொடுக்கக் கையை நீட்டும்போது அந்தப் பாடம் நினைவுக்கு வந்துவிடும்.

புஜ்ஜியின் பக்கமிருந்து பாருங்கள். பாய்ந்தாள், தட்டு கவிழ்ந்தது, சோறு கிடைத்தது. பாய்ச்சலுக்குக் கூலி உடனுக்குடன் வந்துவிட்டது. பொறுத்தால்தான் கிடைக்கும் என்று அந்தக் கணக்கை நாம் மாற்ற வேண்டும்.

வேகவைத்த கோழிக்கறியைப் பட்டாணி அளவுக்குப் பிய்த்துக்கொள்ளுங்கள். உப்பு, காரம், வெங்காயம் எதுவும் வேண்டாம். ஒரு துண்டைக் கைக்குள் மூடி, புஜ்ஜியின் மூக்கு உயரத்தில் கையை அசையாமல் வையுங்கள். முகருவாள், நக்குவாள், முன்பல்லால் சுரண்டுவாள், காலால் பிறாண்டுவாள். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள், "நோ"வும் சொல்லாதீர்கள். கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய் மூக்கை ஒரு விரற்கடை பின்னால் இழுப்பாள். அந்த நொடியில் கையை விரியுங்கள். உடனே பாய்வாள், சட்டென்று மூடுங்கள். திரும்பப் பின்வாங்கினால் திரும்ப விரியுங்கள்.

சில முறை இப்படி நடந்ததும் முகத்தில் ஒரு மாற்றம் தெரியும். திறந்த உள்ளங்கையில் கறி இருக்கும், அவள் எட்டி எடுக்க மாட்டாள். பிட்டத்தைத் தரையில் வைத்துவிட்டுக் கையையும் உங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். உட்காரச் சொல்லி யாரும் உத்தரவு போட்டிருக்க மாட்டீர்கள். அப்போது மற்றொரு கையால் அந்தத் துண்டை எடுத்து நீங்களாகக் கொடுங்கள். உள்ளங்கையிலிருந்து அவளே எடுத்துக்கொள்ள விடாதீர்கள், இந்தப் பயிற்சியின் உயிரே அதில்தான் இருக்கிறது. பல் கூர்மையாக இருந்து கை வலித்தால் கறியைத் தரையில் வைத்து ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடிக்கொண்டு செய்யலாம். கிண்ணம் கத்தாது.

சாப்பாட்டுத் தட்டுக்கும் இதே முறைதான். தட்டைக் கீழே இறக்குங்கள், எழுந்தால் தட்டும் மேலே போகட்டும். உட்கார்ந்தால் மீண்டும் இறங்கட்டும். முதல் நாள் ஒரு வேளைச் சோற்றுக்குள் கை கடுத்துவிடும், மூன்றாம் நாள் பரவாயில்லை என்று தோன்றும். தட்டு தரையைத் தொட்டு இரண்டு நொடி ஆனதும் "சாப்பிடு" என்று சொல்லி விட்டுவிடுங்கள். எச்சில் ஒழுகக் காத்திருக்கவைத்து வேடிக்கை பார்ப்பவர்களை எனக்குப் பிடிக்காது. சாப்பிட ஆரம்பித்த பிறகு பொறுமையைச் சோதிக்கிறேன் என்று தட்டைப் பிடுங்கவும் வேண்டாம். தட்டைக் காத்து உறுமும் பழக்கத்தைப் பல வீடுகளில் மனிதர்கள்தான் இப்படி உண்டாக்குகிறார்கள். அந்தப் பக்கமாகப் போகும்போது ஒரு கறித்துண்டைத் தட்டில் போட்டுவிட்டு நடந்துகொண்டே இருங்கள். ஆள் பக்கத்தில் வருவது நல்லதுக்குத்தான் என்று புஜ்ஜிக்குப் புரியும்.

இதெல்லாம் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால்தான் பலிக்கும். நான்கு பேர் கண்டிப்பாக இருந்து, தாத்தா மட்டும் "பாவம்" என்று பாய்கிற குட்டிக்கு முறுக்கு கொடுத்தால், முன்பைவிட விடாப்பிடியாகப் பாயும். எப்போதாவது கிடைக்கும் என்ற நம்பிக்கை அவ்வளவு லேசில் போகாது.

இன்னொன்று. குட்டிகளுக்குப் பால்பற்கள் 28. நான்கு மாதம் நெருங்கும்போது அவை விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். அதுவரை ஈறு நமைச்சலில் கண்டதையும் கடிக்கும். பழைய துண்டு ஒன்றை நனைத்து, முறுக்கி, ஃப்ரீசரில் வைத்துக் கடிக்கக் கொடுங்கள். நைந்து நூல் பிரிந்தால் வாங்கி வைத்துவிடுங்கள்.

விளையாடும்போது என் பையன் கையில் குட்டியின் பல் பட்டுவிட்டது. லேசான கீறல்தான், ரத்தம் வரவில்லை. வீட்டுக் குட்டிதானே, விட்டுவிடலாமா?
(வாசகர், நெல்லிக்குப்பம்)

விடக்கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில்தான் போடுவோம். அதற்கு முன் எந்தத் தெருநாய் அதை முகர்ந்ததோ, கடித்ததோ யாருக்குத் தெரியும்? கடி நிறுத்தும் பயிற்சியை நாளைக்குக்கூட ஆரம்பிக்கலாம், ஊசியைத் தள்ளிப்போட முடியாது.

எங்களுடையது நாட்டு நாய், ஐந்து மாசக் குட்டி. வலையை உதறும்போது கூடையில் வாய் வைத்துவிடுகிறது. கத்தினால் மீனைக் கவ்விக்கொண்டு படகுக்கு அடியில் போய் அப்படியே விழுங்குகிறது. என்ன செய்வது டாக்டரம்மா?
(வாசகர், தேவனாம்பட்டினம்)

முதல் வேலையாகக் கத்துவதையும் துரத்துவதையும் நிறுத்துங்கள் அய்யா. பிடுங்கப் போகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் எந்த நாயும் அவசரமாகத்தான் விழுங்கும். இவ்வளவு நாள் நீங்கள் அதற்கு வேகமாக விழுங்கத்தான் பழக்கியிருக்கிறீர்கள்.

இரண்டு பாடம் வேண்டும். ஒன்று "விடு", வாயில் இருப்பதைக் கீழே போடுவதற்கு. இன்னொன்று "வேணாம்", வாய் வைக்காமலே இருப்பதற்கு. இரண்டையும் கரையில் ஆரம்பிக்காதீர்கள். மீன் வாசத்துக்கு நடுவே புதிதாக எதுவும் மண்டையில் ஏறாது. வீட்டுத் திண்ணையில் ஆரம்பியுங்கள்.

"விடு"வுக்குப் பழைய கயிற்றுத் துண்டைக் கடிக்கக் கொடுங்கள். மூக்குக்கு நேரே கோழித்துண்டைக் காட்டினால் வாய் தானாகத் திறக்கும். கயிறு விழும்போது "விடு" என்று சொல்லிக் கறியைக் கொடுங்கள், பிறகு கயிற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விட்டால் நஷ்டமில்லை, இரண்டு முறை லாபம் என்று அதற்குத் தெரிந்தால் ஓடி ஒளியாது. சில நாள் கழித்து, கறியைக் காட்டாமல் "விடு" என்று மட்டும் சொல்லிப் பார்த்து, போட்ட பிறகு கொடுங்கள்.

"வேணாம்"முக்கு மூடிய கூடையில் ஒரு மீன் தலையை வைத்து, குட்டியைக் கயிற்றில் பிடித்து, பத்தடி தள்ளி உட்காருங்கள். கூடையையே முறைத்துப் பார்க்கும். பார்க்கட்டும், கயிற்றைச் சுண்டாதீர்கள். ஒரு கட்டத்தில் கண்ணை எடுத்து உங்களைப் பார்க்கும், அப்போது "வேணாம்" என்று சொல்லிக் கோழியைக் கொடுங்கள். கூடையில் இருந்த மீனையே எடுத்துக் கொடுத்தால் பாடம் பாழ். தினமும் ஓரடி நெருங்கலாம். பிறகு மூடியைத் திறக்கலாம், அப்புறம்தான் கரைக்குக் கூட்டிப்போக வேண்டும். இது முடியும்வரை வலை உதறும் நேரத்தில் குட்டி வீட்டில் இருக்கட்டும். ஒரு சங்கரா மீன் திருட்டு ஒரு வாரப் பயிற்சியைத் தின்றுவிடும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் மீன் விலை மட்டுமல்ல. வலையிலிருந்து கழித்துப் போடும் பேத்தை மீனின் விஷம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாய்க்கும் அது உயிர்போகிற விஷயம், கரையில் போடாமல் புதைத்துவிடச் சொல்லுங்கள். இரையோடு தூண்டில் முள்ளை விழுங்கிவிட்டு வாயோரம் தூண்டில் நரம்பு (நைலான் இழை) தொங்கினால் இழுக்கவே இழுக்காதீர்கள், உள்ளே கிழித்துவிடும். நரம்பை அறுத்துவிடவும் வேண்டாம், அதைப் பிடித்துப் போய்த்தான் முள்ளைத் தேடுவோம். அப்படியே மருத்துவமனைக்குத் தூக்கிவாருங்கள்.

ஏழாம் வகுப்பு படிக்கிறேன் டாக்டர் ஆன்ட்டி. என் டைகருக்கு இரண்டரை மாசம். "ஸ்டே" சொன்னால் மூணு செகண்ட்கூட நிற்பதில்லை. யூடியூபில் ஒரு நாய் மூக்கில் பிஸ்கட் வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கிறது. சாயங்காலம் ஆனால் டைகர் பேய் பிடித்த மாதிரி சோபாவைச் சுற்றி ஓடுகிறான்.
(வாசகர், திருப்பாதிரிப்புலியூர்)

இரண்டரை மாதத்தில் மூன்று நொடி நின்றால் நூற்றுக்கு நூறு தம்பி. அவன் எழுந்த பிறகு போய்த் திட்டாதே, எழுவதற்கு முன்பே பரிசைக் கொடுத்துவிடு. இரண்டு நொடியில் கொடு, பிறகு நான்கு, பிறகு மறுபடியும் இரண்டு. நேரத்தைக் கூட்டும்போது தள்ளிப் போகாதே, தள்ளிப் போகும்போது நேரத்தைக் கூட்டாதே. ஒரு தடவைக்கு மூன்று நிமிடம் போதும். ஹோம்வொர்க் மாதிரி அரை மணி நேரம் உட்காரவைத்தால் இரண்டு பேருக்கும் வெறுத்துப்போகும்.

மூக்கில் பிஸ்கட் வைக்கும் வித்தை வேண்டாம். அது நாய்க்கு ஒன்றும் சொல்லித் தராது, படம் பிடிப்பவருக்குத்தான் லைக் கிடைக்கும்.

சாயங்காலப் பேய்க்கு மருந்து தூக்கம். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கு மேல் தூங்க வேண்டும். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நண்பர்களோடு சேர்ந்து மாற்றி மாற்றித் தூக்கிக் கொஞ்சினால் அவன் எப்போது தூங்குவான்? தூக்கம் கெட்ட குட்டிக்கு எந்தப் பயிற்சியும் ஏறாது, கடியும் அதிகமாகும். ஆறு மணிக்கு மேல் விளக்கு குறைவான மூலையில் சாக்கை விரித்துப் படுக்கவிடு. அவன் தானாகச் சாக்கில் படுத்திருக்கும்போது சத்தமில்லாமல் ஒரு துண்டு கேரட்டை முன்னால் வைத்துவிட்டுப் போ. சும்மா கிடப்பதற்கும் சம்பளம் உண்டு என்று அவனுக்குத் தெரியட்டும்.

ஆறேழு மாதத்தில் படித்ததையெல்லாம் மறந்த மாதிரி நடப்பான். பருவ வயது, வேறொன்றுமில்லை. அப்போது பழையபடி இரண்டு நொடியிலிருந்து ஆரம்பி.

கேட்டைத் திறந்தால் போதும், குட்டி தெருவுக்குப் பாய்ந்துவிடுகிறது. போன வாரம் ஸ்கூட்டரில் அடிபடத் தெரிந்தது. பீச் ரோட்டுக்குக் கூட்டிப்போனாலும் ஆள் ஆளாகத் தாவுகிறது. வயது ஆறு மாதம், தடுப்பூசிகள் முடிந்துவிட்டன.
(வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி)

கேட்டில் ஆரம்பிக்க வேண்டாம். முதலில் படுக்கையறைக் கதவு, அப்புறம் நிலைக்கதவு, கடைசியாகத்தான் கேட். குட்டி கயிற்றில் இருக்கட்டும். தாழ்ப்பாளில் கை வையுங்கள், முன்னால் வந்தால் கையை எடுத்துவிடுங்கள். பின்னால் போனால் மறுபடி கை வையுங்கள். ஒரு சாண் திறங்கள், மூக்கு நுழைந்தால் மூக்கில் படாமல் மெதுவாகச் சாத்துங்கள். முழுதும் திறந்தும் நின்ற இடத்தில் நின்றால் "வா" என்று சொல்லி நீங்களே வெளியே அழைத்துப்போங்கள். அந்த நடைதான் பரிசு, பிஸ்கட்கூட வேண்டியதில்லை.

பால்காரரும் கூரியர் பையனும் இந்தப் பாடத்துக்காகக் காத்திருக்க மாட்டார்கள். அதனால் பழகும்வரை உள்பக்கம் ஒரு தட்டி வைத்துத் தடுங்கள். பழகிய பிறகும் தெருவில் கயிறு இல்லாமல் விடாதீர்கள்.

பீச் ரோட்டில் மாலையில் வண்டி விடமாட்டார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் சுண்டல், ஐஸ்கிரீம், பலூன், குழந்தைகள் என்று குட்டிக்கு அது பரீட்சை மண்டபம். விடியற்காலையில் போங்கள். கூட்டத்துக்குள் நுழையாமல், பக்கத்துத் தெரு முனையில் நின்று, போகிறவர் வருகிறவரைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் ஒரு துண்டு கொடுங்கள். தாவினால் நீங்களே நான்கடி பின்னால் போய்விடுங்கள். கோடையில் ஒன்பது மணிக்கே தார் ரோடு காய்ந்துவிடும். புறங்கையை ஏழு நொடி வைக்க முடியவில்லையென்றால் அதன் பாதமும் தாங்காது.

சிப்பிப்பாறை நாய் வளர்க்கிறேன், எட்டு மாதம். ஆட்டைக் கண்டால் பிடித்து நிறுத்த முடியவில்லை. இந்த வகைக்குப் பயிற்சியே ஏறாது என்கிறார்களே?
(வாசகர், விருத்தாசலம்)

ஏறும். ஆனால் அது முயல் வேட்டைக்கென்று தலைமுறை தலைமுறையாக வளர்த்த வகை, ஓடுவதைக் கண்டால் கால் தானாகக் கிளம்பும். அந்த ஆசையை அழிக்கப் பார்க்காமல் முறைப்படுத்தப் பாருங்கள். நீளக் கம்பில் கயிறு கட்டி, நுனியில் துணியைக் கட்டுங்கள். துணி அசையாமல் கிடக்கும்போது நாயும் அசையாமல் நின்றால் "பிடி" என்று சொல்லி இழுத்து ஓடவிடுங்கள். சொல்லுக்கு முன்னால் பாய்ந்தால் துணி மேலே போய்விடும். பிடித்த பிறகு "விடு". இரண்டு மூன்று நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள். வளரும் எலும்பு, உயரத் தாவவும் சடாரென்று திரும்பவும் வைக்காதீர்கள். ஆடு மேயும் இடத்தில் இதெல்லாம் உதவும் என்று நம்பிக் கயிற்றை அவிழ்க்கவும் வேண்டாம்.

பயிற்சிக்குப் பரிசாகப் பலாச்சுளை கொடுக்கலாமா?
(வாசகர், பண்ருட்டி)

உங்கள் ஊரில் வேறு எதைக் கொடுப்பீர்கள்! சுளையைச் சுண்டுவிரல் நக அளவுக்கு நறுக்கி நான்கைந்து துண்டு கொடுக்கலாம், தினமும் வேண்டாம். கொட்டையும் சடையும் கூடவே கூடாது, குடலில் போய் அடைத்துக்கொள்ளும். கைக்குள் மூடிவைத்துச் செய்யும் பயிற்சிக்கு மட்டும் சுளை சரிப்படாது. கையெல்லாம் பிசுபிசுத்து, குட்டி விடிய விடிய உங்கள் விரலை நக்கிக்கொண்டிருக்கும்.