குஞ்சுகளின் ஈரல் மேல் வெள்ளைப் பூச்சு: பருப்பா காரணம்?

கேள்வி: கொடைக்கானல் மலையில் மன்னவனூர் பக்கம் பூண்டு, உருளைக்கிழங்கு சாகுபடி செய்கிறேன். வளர்க்க வாங்கிய நாட்டுக்கோழிக் குஞ்சுகள் மூன்றாம் வாரத்திலிருந்து தினமும் ஒன்றிரண்டாகச் சாகின்றன. அறுத்துப் பார்த்தால் ஈரல், இதயத்தின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் இருக்கிறது. முட்டைக்கோழித் தீவனத்தோடு மிஞ்சிய பட்டர் பீன்ஸும் போடுகிறேன். எனக்கு யூரிக் அமிலம் அதிகம். ஈரல், மத்தி மீன், பருப்பில் பியூரின் இருக்கிறது, குறையுங்கள் என்றார் டாக்டர். குஞ்சுகளுக்கும் இதே தொல்லையா?

பதில்: வணக்கம் ஐயா. அந்த வெள்ளை, யூரிக் அமிலத்தின் உப்பு. பண்ணைக்காரர்கள் ‘கவுட்’ என்பார்கள். ஆனால் பழி பருப்பின் மேல் இல்லை. முட்டைக்கோழித் தீவனத்தை இன்றைக்கே நிறுத்துங்கள்.

பியூரின் எல்லா உயிரணுக்களிலும் உண்டு, டி.என்.ஏ.வில் இருக்கும் அடினின், குவானின் இரண்டும் பியூரின்கள்தான். அது சிதைந்தால் யூரிக் அமிலம். ஆடு மாடுகளுக்கு அதை மேலும் உடைக்க ஒரு நொதி உண்டு; நமக்கும் கோழிக்கும் இல்லை. கோழிக்கு இன்னொரு சுமையும் உண்டு. புரதக் கழிவை நாம் யூரியாவாக வெளியேற்றுகிறோம். கோழியோ பியூரினாகக் கட்டி, யூரிக் அமிலமாக்கித் தள்ளுகிறது. எச்சத்தின் வெள்ளைப் பகுதி அதுதான். ஆகவே பியூரினே இல்லாத தீவனம் போட்டாலும் யூரிக் அமிலம் ஊறிக்கொண்டேதான் இருக்கும். சிறுநீரகம் கெட்டால் அது இரத்தத்தில் தேங்கி, உறுப்புகளின் மேல் படியும்.

சிறுநீரகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து. முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம். குஞ்சுக்கு 1 சதவீதமே போதும். அப்புறம் உங்கள் மலைக்குளிர். குஞ்சுகள் சூட்டுக்குப் போட்ட பல்பைவிட்டு நகராது, சில்லென்ற தண்ணீரைத் தொடாது. யூரிக் அமிலம் சுலபமாகக் கரையாது, தண்ணீர் குறைந்தால் அப்படியே படிந்துவிடும்.

குஞ்சுத் தீவனம் வாங்குங்கள். முதல் இரண்டு மூன்று நாள் உடைத்த மக்காச்சோளம் அதிகமாக இருக்கட்டும். பூஞ்சை பிடித்தது வேண்டவே வேண்டாம், அதுவும் சிறுநீரகத்தைத் தாக்கும். தண்ணீரை வெதுவெதுப்பாக, பல்புக்குப் பக்கத்திலேயே வையுங்கள். லிட்டருக்கு 5 கிராம் வெல்லம் கரைத்து நாலைந்து நாள் கொடுக்கலாம். சமையல் சோடா கலக்காதீர்கள், நோய் முற்றும். பீன்ஸைப் பச்சையாகப் போடாதீர்கள். காரணம் பியூரின் அல்ல, அதில் வேறு நச்சு உண்டு, வேகவைத்தால் போய்விடும். உங்கள் டாக்டர் சொன்ன பத்தியம் உங்களுக்குச் சரி, அதை விடாதீர்கள்.

ஏற்கெனவே சோர்ந்து ஒடுங்கிய குஞ்சுகள் பிழைப்பது கடினம். தீவனம் மாற்றி ஒரு வாரமாகியும் சாவு நிற்காவிட்டால், மூச்சுக்குழலைத் தாக்கும் ஐ.பி. வைரஸாகவும் இருக்கலாம், அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அப்போது, புதிதாக இறந்த குஞ்சை அன்றே பாலித்தீன் பையில் கட்டி, கால்நடை மருந்தகத்தில் காட்டிவிடுங்கள்.