இன்டர்வியூ ஜெர்மனி, ஆர்டர் பெங்களூர்: உடுமலைப் பக்கத்து அப்பாவுக்குப் பதில்

வணக்கம் அண்ணா.

உங்கள் மகள் பாப்பாவுக்கு ஒரு ஜெர்மன் காற்றாலை கம்பெனி வேலைக்காக வந்த ஆஃபர் லெட்டரையும், உங்கள் தங்கச்சி மகன் தம்பிக்கு அபுதாபி வேலைக்காக ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் ஒன்றாகவே அனுப்பியிருந்தீர்கள். வெளிநாட்டுக் கம்பெனி, நடுவில் இன்னொருத்தர் என்று இரண்டும் ஒரே சாயலில் இருப்பதால் இரண்டையும் ஒரே பயத்தோடு பார்க்கிறீர்கள். பாப்பாவின் வேலையில் சில கேள்விகளைக் கேட்டுவிட்டுச் சேரலாம். தம்பி விஷயத்தில் மட்டும் இந்த வாரம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

முதலில் பாப்பா. "இன்டர்வியூ எடுத்தவன் ஜெர்மன்காரன், ஆர்டர் குடுக்கறவன் பெங்களூர்க்காரன், இதென்னங்க கூத்து" என்று உங்கள் மச்சான் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனிக்குள் போனாலும் இதே கூத்துதான். தைக்கிறவர் உட்கார்ந்திருப்பது கம்பெனி மெஷினில், வேலை சொல்வது கம்பெனி சூப்பர்வைசர், சம்பளமும் பி.எஃப்.பும் காண்ட்ராக்டர் கணக்கில். அதையே படித்தவர்களுக்கு, நாடு தாண்டிச் செய்வதை 'எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்டு' என்கிறார்கள். சட்டப்படி பாப்பாவின் முதலாளி பெங்களூர் நிறுவனம். அன்றாட வேலையைச் சொல்வதும் பார்ப்பதும் ஜெர்மன் கம்பெனி.

அந்தக் கம்பெனிக்கு இந்தியாவில் அலுவலகம் இல்லை. மூன்று நான்கு பேரை வைத்துக்கொள்ள இங்கே ஒரு நிறுவனம் பதிந்து, பி.எஃப். எண் வாங்கி, வரி பிடித்து, வருடா வருடம் தணிக்கை செய்வது கட்டுப்படியாகாது. நேரடியாக ஆள் வைத்தால், இந்தியாவிலேயே தொழில் நடத்துவதாகக் கருதி வருமான வரித்துறை வரி கேட்குமோ என்ற தயக்கமும் உண்டு. அதனால் ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம் கொடுத்து, ஏற்கெனவே இங்கே பதிவுள்ள ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் ஆளைச் சேர்க்கிறார்கள். காற்றாலை வேலைக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. டர்பைன் வடகடலில் சுற்றினாலும் அதன் காற்று வேகம், உற்பத்தி, கோளாறு எல்லாம் திரையில் வந்துவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பிக் கேத்தனூர், பூளவாடி, தாராபுரம் பக்கம் ஆலைக்காரர்கள் காற்றாடி போட்டு வளர்ந்த ஊர் நம்முடையது. அந்தக் காற்றாடிகளைத் தூரத்திலிருந்து கண்காணிக்கிற ஸ்காடா திரையை மூன்று வருடம் பார்த்த பெண்ணைத் தேடி ஒரு கம்பெனி வருவதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

அந்த பெங்களூர் நிறுவனம் நிஜமா என்பதை வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அதன் பதிவு இருக்கும். பி.எஃப். அமைப்பான இ.பி.எஃப்.ஓ.வின் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால், எந்தெந்த மாதம் எத்தனை பேருக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள் என்பதும் தெரியும். பாப்பா சேர்ந்த பிறகு அவள் யு.ஏ.என். (பி.எஃப். எண்) கணக்கில் பணம் ஏறுகிறதா என்று இரண்டு மாதம் கவனித்தால் போதும்.

நான் பயப்படுவது வேறொரு இடத்தில். ஐ.டி. ஸ்டாஃபிங் கம்பெனியில் ஒரு புராஜெக்ட் முடிந்தால் கொஞ்ச நாள் பெஞ்சில், அதாவது வேலை இல்லாமலே சம்பளம் கொடுத்து, உட்கார வைத்து அடுத்ததில் போடுவார்கள். இங்கே அப்படிப் பெஞ்ச் கிடையாது. பெங்களூர்க்காரரிடம் சொந்தமாகக் காற்றாலை வேலை எதுவும் இல்லை. ஜெர்மன் கம்பெனி "போதும்" என்று ஒரு மெயில் போட்டால் இங்கே பாப்பாவின் வேலையும் முடிந்தது. அதனால் லெட்டரில் நோட்டீஸ் பற்றிய பகுதியைத்தான் முதலில் படித்தேன். பாப்பா விலகினால் 60 நாள் முன்பே சொல்ல வேண்டுமாம், அவர்கள் நிறுத்தினால் 15 நாள் போதுமாம். இதை அப்படியே விடக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரே அளவு, இல்லாவிட்டால் அந்த நாட்களுக்கான சம்பளம் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டால் ஆஃபரைத் திரும்ப எடுத்துவிடுவார்களோ என்று பாப்பா தயங்குவாள். இப்படிக் கேட்பதை எச்.ஆர். ஆட்கள் தினமும் பார்க்கிறார்கள்.

அனுபவச் சான்றிதழையும் இப்போதே பேசி வையுங்கள். நாளைக்கு வேறு காற்றாலை கம்பெனிக்குப் போகும்போது, யாரும் கேள்விப்படாத ஒரு சம்பள நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால், செய்த வேலையின் மதிப்பு தெரியாது. எந்தக் கம்பெனிக்காக, என்ன பொறுப்பில் வேலை செய்தாள் என்பதைச் சான்றிதழில் சேர்ப்பார்களா என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளட்டும். மாப்பிள்ளை வீட்டாரிடம் எந்தக் கம்பெனிப் பெயரைச் சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். அதற்கு ஜெர்மன் பெயரையே சொல்லிக்கொள்ளுங்கள், பொய்யில்லை.

சம்பளத்தில் ஒரே ஒரு சோதனை. நடுவில் இருக்கிற பெங்களூர் நிறுவனத்தின் கட்டணமும், முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப். பங்கும் பாப்பாவிடம் சொன்ன தொகைக்குள் அடக்கமா, அதற்கு மேலா? கட்டணம் ஜெர்மன் கம்பெனி தருவது. அது சி.டி.சி.க்குள், அதாவது லெட்டரில் காட்டுகிற மொத்தச் சம்பளத் தொகைக்குள், ஒளிந்திருந்தால் கையில் வருவது பேசியதைவிடக் குறையும். இரவு வேலையை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஜெர்மனி நமக்குக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால். அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே பகல் பன்னிரண்டரை, இல்லாவிட்டால் ஒன்றரை. பொங்கலுக்கு லீவு உண்டா, கிறிஸ்துமஸுக்கா என்று மட்டும் கேட்டு வையுங்கள். இரண்டுக்கும் கொடுக்கிற கம்பெனியும் இருக்கிறது.

"பி.எஃப். எதற்கு, கன்சல்டன்டாகச் சேருங்கள், கையில் அதிகம் வரும்" என்று கடைசி நேரத்தில் மாற்றினால் பாப்பா ஒத்துக்கொள்ள வேண்டாம். அப்போது அவள் ஊழியர் இல்லை, மாதாமாதம் பில் போடுகிற ஆள். லீவு, கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் எதுவும் இருக்காது, வரியும் அவளே கட்ட வேண்டும். வீட்டுக் கடனுக்குப் போனால் பேங்க் மேனேஜர் கேட்கிற சம்பளச் சீட்டும் இருக்காது.

இந்த ஆர்டர் ஜெர்மனிக்குப் போகிற விசா ஆகாது என்பதையும் பாப்பா புரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மனிக்குப் போகும் நாள் வந்தால் அந்தக் கம்பெனியே நேரடியாக எடுப்பது நல்லது. ஆளை இன்னொரு கம்பெனிக்கு அனுப்பி வேலை வாங்கும் நிறுவனத்துக்கு அங்கே அரசு வேலைவாய்ப்பு முகமையின் உரிமம் வேண்டும். ஒரே இடத்தில் பொதுவாக 18 மாதம்தான் வைத்திருக்கலாம், 9 மாதம் தாண்டினால் அந்த இடத்து நிரந்தர ஊழியருக்குச் சமமான சம்பளம் தர வேண்டும். பெங்களூர் ஆர்டரைக் காட்டி "ஜெர்மனியில் போய் உட்காருங்கள்" என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி தம்பி. ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன், அபுதாபியில் சோலார் வேலை, ஏஜென்டுக்குக் கட்ட ஒன்றரை லட்சம், முதலில் விசிட் விசா, "போனதும் மாத்திக்கலாம்". இதில் எந்த வரியும் சரியில்லை. விசிட் விசாவில் வேலை செய்தால் பிடிபடுவது தம்பிதான், ஏஜென்ட் இங்கேயே இருப்பார். ஆளிடம் வேலைக்கான கட்டணம் வாங்குவதை அமீரகச் சட்டமே தடுக்கிறது. நம் பக்கம் 1983ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி பதிவு செய்த ஏஜென்ட் மட்டுமே வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கலாம். அவரும் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், ஆக 35,400 ரூபாய், ரசீது போட்டுத்தான் வாங்க வேண்டும். தம்பி பத்தாவது பாஸ், பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவையில்லை என்பதால் இந்தச் சட்டம் அவனுக்கு இல்லை என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். அனுமதி தேவையா என்பது வேறு, ஏஜென்டுக்கு உரிமம் வேண்டுமா என்பது வேறு. வெளியுறவு அமைச்சகத்தின் இமைகிரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்டுகளின் பட்டியலைப் பாருங்கள். "சென்னை கம்பெனியோட ஆளு நானு" என்கிற பொள்ளாச்சிக்காரர் பெயர் அதில் இல்லாவிட்டால் அவரிடம் பேச்சே வேண்டாம்.

ஆசையைக் கெடுக்கிறேன் என்று தம்பி நினைக்க வேண்டாம். வளைகுடாவில் சோலார் வேலை நிஜமாகவே இருக்கிறது. அபுதாபியின் அல் தஃப்ரா சோலார் நிலையம் ஒன்றே 2,000 மெகாவாட், நம் கமுதி சோலார் நிலையம் 648 தான். ஆனால் பேனல் பொருத்திக் கட்டும்போதுதான் ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும், ஓட ஆரம்பித்த பிறகு கொஞ்சம் பேர் போதும். எனவே எந்தத் தளம், கட்டுமானமா பராமரிப்பா, எத்தனை மாதம் என்று ஒப்பந்தத்தில் இல்லாமல் கிளம்பக் கூடாது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் தம்பி பதிந்து வைக்கட்டும். சந்தேகம் வந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் இலவச எண் 1800 11 3090.

அந்த ஏஜென்ட் தனியாகப் பணம் கேட்கிற 'ஜி.டபிள்யூ.ஓ. சர்டிபிகேட்' சோலாருக்குத் தேவையே இல்லை. அது காற்றாடி ஏறுகிறவர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி. தம்பி பின்னாளில் காற்றாலைக்கு மாறினால் அப்போது எடுத்துக்கொள்ளலாம், அதுவும் வேலை உறுதியான பிறகு. இரண்டு வருடத்தில் புதுப்பிக்க வேண்டிய பயிற்சி அது, முன்கூட்டியே எடுத்தால் காலம்தான் வீணாக ஓடும். பயிற்சி எடுத்தவரின் பதிவு விண்டா என்ற இணையப் பதிவேட்டில் ஏறும். அதில் ஏறாத காகிதத்தைக் கம்பெனிகள் மதிப்பதில்லை.

பாப்பா வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நோட்டீஸ், அனுபவச் சான்றிதழ், சி.டி.சி. மூன்றையும் ஒரே மெயிலில் நாளைக்கே எச்.ஆருக்கு அனுப்பட்டும், ஜெர்மன் மேனேஜருக்கும் நகல் போடட்டும். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், கையெழுத்துக்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.