மருந்து தடவிய கொசுவலையில் உட்கார்ந்தும் மலேரியா கொசு சாகாமல் போவது எப்படி?

ஆப்பிரிக்காவின் அனோபிலஸ் காம்பியே கொசுவையே எடுத்துக்கொள்வோம். வலையில் இருப்பது பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி. அது கொசுவின் நரம்பில் உள்ள சோடியம் வாய்க்காலில், அதாவது சோடியம் உள்ளே நுழையும் புரதக் கதவில், ஒட்டிக்கொண்டு, அதை மூடவிடாது. நரம்பு ஓயாமல் துடிக்கும். கொசு கால்களை உதறியபடி மல்லாந்து விழும். மேற்கு ஆப்பிரிக்கக் கொசுக்கள் பலவற்றில் அந்த வாய்க்காலுக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் அந்தப் புரதத்தின் 1014-ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் பினைல்அலனின் என்ற வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான், மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை. டிடிடி என்ற பழைய பூச்சிக்கொல்லியும் அதே வாய்க்காலைத்தான் தாக்கும் என்பதால் அதுவும் கூடவே பலமிழக்கிறது.

எனக்கு இதைவிடக் கவலை தருவது இன்னொரு வழி. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் அனோபிலஸ் ஃபுனெஸ்டஸ் கொசுவில், சிஒய்பி6பி9ஏ என்ற மரபணு அளவுக்கு மீறி வேலை செய்கிறது. அது தரும் நொதி, மருந்து நரம்பைத் தொடும் முன்பே அதை உடைத்துவிடும்.

சோதிப்பது எளிது. மருந்துத்தாள் வைத்த குழாயில் கொசுக்களை 1 மணி நேரம் விட்டு, 24 மணி நேரம் கழித்து எண்ணுவார்கள். 90 சதவீதத்துக்கும் குறைவாகச் செத்திருந்தால் எதிர்ப்பு உறுதி.

சரி, மாற்று? அந்த நொதியை முடக்கும் பிபிஓ (பைப்பரோனைல் பியூட்டாக்சைடு) சேர்த்த வலைகள் இப்போது இருக்கின்றன. ஆனால் வாய்க்கால் மாறிய கொசுவிடம் பிபிஓவால் அந்த மாற்றத்தைச் சரிசெய்ய முடியாது.