சித்தப்பா சொல்லும் எம்பிஏ வேண்டாம்

மழலையர் வகுப்பு ஆசிரியையாக இருக்கும் மகள், சிறார் கல்விக் கொள்கைப் பக்கம் போகிறேன் என்கிறாளே என்று கலங்கிப்போய் வந்தீர்கள். கூடவே வந்த அவளுடைய சித்தப்பா எம்பிஏ விண்ணப்பத்தையே கையில் வைத்திருந்தார். கவலை நியாயம்தான். ஆனால் எம்பிஏ வேண்டாம். கௌரவம் சித்தப்பாவுக்கு, தவணை கட்டப்போவது அவள்.

அன்று அவள் சொன்னதைக் கவனித்தீர்களா? சாப்பாட்டுக்கு முன் கைகழுவவே அரை மணி நேரம் போகிறதாம். குழாய் எட்டாததால் ஒவ்வொரு பிள்ளையையும் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பள்ளிகளுக்கான அரசு விதியில் 'கைகழுவும் வசதி' என்று எழுதிவிடுவார்கள், உயரத்தை எழுத மறந்துவிடுவார்கள். அதைப் பார்த்துப் பழகிய ஆள் விதி எழுதும் இடத்தில் வேண்டும்.

வழி இதுதான். அந்தக் குழாய் விஷயத்தை அவள் ஒரே பக்கத்தில் எழுதட்டும்: எத்தனை பிள்ளைகளுக்குச் சிரமம், சரிசெய்ய எவ்வளவு ஆகும், யார் கையெழுத்துப் போட்டால் நடக்கும். வரைவு விதிகளுக்கு அரசு கருத்துக் கேட்கும்போது ஆசிரியர் சங்கம் வழியாக அனுப்பட்டும். அப்புறம் பட்ஜெட் படிக்கப் பழக வேண்டும். கட்டடத்துக்கு எவ்வளவு, ஆசிரியர் பயிற்சிக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் பேச்சு சபையில் எடுபடாது. ஆய்வுகளும் தெரிய வேண்டும். அமெரிக்காவின் இப்சிலாண்டியில் 1962-ல் தொடங்கிய பெர்ரி ஆய்வு, முன்பள்ளிக்குப் போன பிள்ளைகளையும் போகாதவர்களையும் 40 வயதுவரை பின்தொடர்ந்தது. முன்பள்ளிக்குப் போனவர்களுக்கு வருமானம் கூடுதல், கைதானது குறைவு. இந்தத் துறையில் எல்லோரும் காட்டும் ஆதாரம் அது. ஆனால் மொத்தமே 123 பிள்ளைகள்தானே என்று யாராவது மடக்குவார்கள். அதற்குப் பதில் சொல்லும் அளவுக்குப் புள்ளியியல் வேண்டும், அதற்கு ஒரு குறுகிய பயிற்சி போதும்.

வேலை பாடத்திட்டக் குழுக்களில், ஆய்வு நிறுவனங்களில், தொண்டு அமைப்புகளில், யுனிசெஃப் போன்ற இடங்களில் இருக்கிறது. பெரும்பாலும் ஒப்பந்த வேலை. நிதி நின்றால் பதவியும் நிற்கும். இதை நான் மறைக்கப்போவதில்லை. அதனால் வகுப்பறை வேலையை அவள் இப்போதே விடக்கூடாது. சம்பளத்தோடு ஒரு ஒப்பந்தம் கைக்கு வந்தபிறகு விடட்டும்.

முதுநிலைப் படிப்பா? உதவித்தொகை கிடைத்தால் சரி. இல்லையென்றால் வீட்டுப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வங்கிக்குப் போகாதீர்கள்.